இரவில் ஒப்படைத்த திறப்பு

துறவு என்றதும் காவி உடையும் காடும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. பிள்ளை குட்டியோடும் அடுப்புப் புகையோடும் வாழ்கின்ற ஒருவர் நாள்தோறும் துறக்க முடியுமா? அதற்கு நான் விடை கண்டது ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் கொட்டிலில். சைவனாகிய எனக்கு இதைப் பேச என்ன உரித்து என்று கேட்பீர்கள். பார்த்தவன் என்ற உரித்துத்தான்.

1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. 1996 இல் கிளிநொச்சியும் இடம்பெயர, எங்கள் ஸ்கந்தபுரத்தில் மர நிழல்கூட வெறுமையாக இருக்கவில்லை. எங்கள் வளவுக்குள் பாசையூர்க் குடும்பமொன்று கொட்டில் போட்டது. அதில் மூத்தவர் ஓர் ஆச்சி. அவர் கொண்டுவந்தவை ஒரு றங்குப்பெட்டி, ஓர் அந்தோனியார் சுரூபம், பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பு.

பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருமையாக இருந்த காலம். செபமாலை தொடங்கியதும் விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டுக்குள் குரல்கள் மட்டும் கேட்கும். பரீட்சைக்காகக் குறளின் துறவு அதிகாரத்தை நான் மனனம் செய்ததும் அந்த நாட்களில்தான்.

செபமாலை வெறுமனே மணி எண்ணுவதல்ல என்று ஆச்சி சொல்லித் தந்தார். ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு காட்சியைத் தியானிப்பார்கள். அதற்குரிய வரமொன்றைக் கேட்பார்கள். பெத்லகேம் தொழுவத்துப் பிறப்பைத் தியானிக்கும்போது கேட்பது, உலகப் பொருளில் ஒட்டாத எளிய மனம். அந்நாட்களில் திங்களும் வியாழனும் அது வந்தது. எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் இதை ஏன் கேட்கிறார்கள்? துறப்பதற்கு இனி என்ன இருக்கிறது? பதினாறு வயதில் எனக்கு அது வேடிக்கையாகவே பட்டது.

செபம் முடிந்ததும் ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தத் திறப்பைச் சுரூபத்தின் காலடியில் வைப்பார். விடிந்ததும் எடுத்து முடிந்துகொள்வார். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ராவிலை அது அவற்றை பொறுப்பு, தம்பி. காலமை தந்தாரெண்டால் வாங்குவன்."

"தராட்டி?"

"தராட்டி நான் எழும்பியிருக்க மாட்டன்."

இழப்பு வேறு, துறவு வேறு என்று எனக்கு விளங்கியது அந்த இடத்தில்தான். வீட்டை யுத்தம் பறித்தது. பறிபோனதை மனம் விடுவதில்லை. முன்னிலும் இறுகப் பிடிக்கிறது. அந்தப் பிடியைத்தான் ஆச்சி ஒவ்வோர் இரவும் தளர்த்திப் பார்த்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் இரவு மன்றாட்டிலும் இதே பொருள் உண்டு. லூக்கா நற்செய்தியில் வரும் முதியவர் சிமியோன், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தியபடியே, தன்னைப் போகவிடும்படி இறைவனிடம் வேண்டுகிறார். அந்த வேண்டுதலை இரவுதோறும் சொல்லிவிட்டுத்தான் துறவியர் உறங்கப் போகிறார்கள்.

தவக்காலத்தைத் தொடக்கும் நாளை அவர்களும் விபூதிப் புதன் என்றே சொல்வார்கள். முந்திய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பல் அது. ஆரவாரத்தோடு ஏந்திச்சென்ற ஓலையே நெற்றிக்குச் சாம்பலாக வருவதை எண்ணும்போது, நீறு பூசி வளர்ந்த எனக்கு உடல் சிலிர்க்கிறது.

சுரூபத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தாரே, அதுவும் பற்றல்லவா என்று நீங்கள் கேட்கலாம். பற்றை விடுவதற்கே ஒரு பற்று வேண்டும் என்பதுதான் துறவு அதிகாரத்துக் கடைசிக் குறளின் கருத்து. தேர்வுக்கு எழுதிய அந்த உரைக்குப் பொருள் கொட்டிலில் கிடைத்தது.

2002 இல் பாதை திறந்ததும் ஆச்சி பாசையூர் போய்வந்தார். "திறப்புக் கிடக்கு, கதவுதான் இல்லை" என்று சிரித்தார். ஆனால் திறப்பை எறிந்தார் என்று நினைக்க வேண்டாம். முந்தானையில் அது இருந்தது. இரவில் சுரூபத்தின் காலடிக்குப் போனது.

2008 இன் பிற்பகுதியில் நாங்கள் ஸ்கந்தபுரத்தை விட்டுப் புறப்பட்டபோது, என் புத்தகங்களைப் பெட்டியிலிட்டுப் பூட்டிவிட்டு நடந்தேன். மீண்டு வந்தபோது பெட்டியும் இல்லை, பெட்டி இருந்த அறையும் இல்லை. இன்றும் வகுப்பில் ஒரு நூலின் பெயரைச் சொல்லும்போது, அது என்னிடம் இருந்தது என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

பெட்டியின் திறப்பு என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. எங்கள் சாமியறைப் படத்தடியில் ஓரிரவு அதை வைத்துப் பார்த்தேன். நடுச்சாமத்தில் எழும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.