வெயில் நாட்டில் வைட்டமின் டி மாத்திரை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சிறிய மாத்திரையைப் பற்றி. வைட்டமின் டி என்னும் அந்த மாத்திரை ஈப்போ நகரத்து மருந்துக் கடைகளில் மட்டுமன்றி, சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் போன்ற ஊர்களிலும் கிடைக்கிறது. “மூட்டு வீக்கத்துக்கு நல்லது, லூப்பஸுக்கும் நல்லது, இதைச் சாப்பிட்டால் ஆஸ்பத்திரி மருந்தை விட்டுவிடலாம்” என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் வாங்குகிறார். இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, பெரிய ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். நம் உடம்பில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தி, தோட்டத்து ஜாகாவைப் போன்றது. திருடன் வந்தால் விரட்டுவது ஜாகாவின் வேலை. அந்த ஜாகாவே ஆள் அடையாளம் தெரியாமல் லயத்து மக்களை அடிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? அதுதான் தன்னெதிர்ப்பு நோய். கிருமியோடு போராட வேண்டிய சக்தி சொந்த உடம்பையே தாக்குகிறது. மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம். தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கினால் லூப்பஸ். கணையத்தைத் தாக்கினால், முதல் வகை இனிப்பு நீர்.

லூப்பஸ் நோயாளிகளில் 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் பெண்கள். பலர் பிள்ளை பெறும் வயதினர். முடக்குவாதமும் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. அதிலும் மலேசியாவில், மக்கள் தொகையில் நமக்குள்ள பங்கைக் காட்டிலும் கூடுதலாக இந்தியர்களிடையே முடக்குவாதம் காணப்படுவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். வீட்டில் தாய் படுத்துவிட்டால் மூத்த பெண் பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை. ஆசிரியர்களாகிய நாங்கள் இதை வருகைப் பதிவேட்டில் பார்க்கிறோம். ஒரு தாயின் விரல் மடங்க மறுத்தால், அதன் விளைவு பிள்ளையின் படிப்பு வரை போகிறது.

இனி வைட்டமின் டிக்கு வருவோம். இது வெயிலில் பிறக்கும் சத்து. சூரிய ஒளியில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர் தோலில் படும்போது உடம்பே இதைத் தயாரிக்கிறது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. சாப்பாட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சி எலும்பில் சேர்க்க இது வேண்டும். நோய் எதிர்ப்பு அணுக்களிலும் இந்தச் சத்தை ஏற்கும் அமைப்பு உண்டு. அதனால்தான் தன்னெதிர்ப்பு நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று விஞ்ஞானிகள் தேடினார்கள்.

“வெயில் கொளுத்தும் நம் நாட்டில் இந்தச் சத்து குறையுமா?” என்று நீங்கள் கேட்கலாம். குறையும். கோலாலம்பூரிலும் ஜக்கார்த்தாவிலும் 18 முதல் 40 வயது வரையுள்ள பெண்களிடம் நடத்தி, 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களிடம் வைட்டமின் டி போதிய அளவில் இல்லை என்று தெரிந்தது.

காரணத்தை நம் வாழ்க்கையிலேயே காணலாம். பால்மரம் வெட்டியவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, குளிர்ந்த வேளையில் மரத்தடிக்குப் போனார்கள். பால் நன்றாக ஓடுவது அப்பொழுதுதான். தலையில் துணி, உடம்பில் கைநீளச் சட்டை, மேலே இலைக்கூரை. வைட்டமின் டியை உண்டாக்கும் கதிரோ காலை இளவெயிலில் மிகக் குறைவு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது நன்றாக இறங்குகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போனார்கள். கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் இந்தச் சத்தைத் தருவதில்லை. மேலும், கறுத்த தோலுக்கு அதே அளவு சத்தை உண்டாக்க வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டும்.

லூப்பஸ் உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. வெயில் பட்டால் அவர்களுக்கு நோய் கிளம்பக்கூடும். ஆகவே மருத்துவர் வெயிலைத் தவிர்க்கச் சொல்கிறார். அவர்கள் வெயிலில் நின்று வைட்டமின் டி தேடக் கூடாது. சாப்பாட்டிலும், தேவையானால் மாத்திரையிலும்தான் பெற வேண்டும்.

சரி, மாத்திரை சாப்பிட்டால் இந்த நோய் வராமல் தடுக்க முடியுமா? அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 25,871 பேரிடம் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 2,000 அலகு வைட்டமின் டி. மறுபாதிக்கு அதே தோற்றமுள்ள, சத்தில்லாத மாத்திரை. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்குப் பின் கணக்குப் பார்த்தபோது, வைட்டமின் டி சாப்பிட்டவர்களில் 123 பேருக்கும், சாப்பிடாதவர்களில் 155 பேருக்கும் தன்னெதிர்ப்பு நோய் வந்திருந்தது. இது 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. நூற்றுக்கு 22 குறைந்தது என்று கேட்டால் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 13,000 பேர் என்பதை மறக்கக் கூடாது. 13,000 பேரில் 32 பேர் தப்பினார்கள், அதாவது சுமார் 400 பேருக்கு ஒருவர். மாத்திரையை நிறுத்திய பின் அந்தப் பலனும் நிலைக்கவில்லை என்று பிறகு தெரியவந்தது.

இந்தச் சோதனை நோய் வருமா, வராதா என்பதைப் பார்த்தது. வந்த நோயைக் குணப்படுத்துமா என்பது வேறு கேள்வி. முடக்குவாதமும் லூப்பஸும் ஏற்கெனவே உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் சிறிது பலன், சிலவற்றில் பலனே இல்லை. மருத்துவர் தந்த மருந்துக்கு ஈடாக இந்த மாத்திரை நிற்கும் என்று எந்தச் சோதனையும் நிரூபிக்கவில்லை.

அப்படியானால் மருத்துவர் ஏன் இதையும் எழுதித் தருகிறார்? எலும்புக்காக. இந்த நோயாளிகளில் பலர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுகிறார்கள். நோயை அடக்கும் அதே மருந்து, நாள்பட நாள்பட எலும்பை மெலிய வைக்கும். அந்த எலும்பைக் காக்கச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் துணைக்கு வருகின்றன. துணைக்கு வந்தவனை நம்பி, மண்டோரை வேலையிலிருந்து நிறுத்திவிட முடியுமா? பிரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. லூப்பஸுக்குரிய மருந்தை நிறுத்தினால் நோய் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். முடக்குவாத மருந்தை நிறுத்தினால் மூட்டு அரிக்கும். அரித்த மூட்டு பழையபடி திரும்புவதில்லை.

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த நோய்க்கு அந்தப் பழமொழி பொருந்தாது. “எத்தனை நாளைக்குத்தான் மாத்திரையை முழுங்குவாய்?” என்று மருமகளைக் கேட்கும் மாமியாரும், மனைவியைக் கேட்கும் கணவரும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டப்பாவில் சில வேளை அலகு என்றும், சில வேளை மைக்ரோகிராம் என்றும் போட்டிருப்பார்கள். 40 அலகு ஒரு மைக்ரோகிராம். அதாவது 1,000 அலகு 25 மைக்ரோகிராம். அமெரிக்க நிபுணர்கள் 2010ஆம் ஆண்டில் வகுத்த கணக்குப்படி 70 வயது வரை பெரியவர்களுக்குத் தினமும் 600 அலகும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 800 அலகும் போதும். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 4,000 அலகைத் தாண்டக் கூடாது. சத்து மிகவும் குறைந்தவர்களுக்கு 50,000 அலகு மாத்திரையை வாரம் ஒன்றாகத் தருவதுண்டு. அதைத் தினமும் சாப்பிட்டுவிட்டால் விபரீதம்.

வைட்டமின் சி மிஞ்சினால் சிறுநீரோடு போய்விடும். வைட்டமின் டி அப்படிப் போகாது, கொழுப்பில் தங்கிவிடும். மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், மனக் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். சிறுநீரகம் கெடவும் கூடும். சிறுநீரகக் கோளாறோ கல்லோ உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்? மத்தி, கெம்போங் போன்ற மீன்களிலும், டின் சார்டினிலும், முட்டையின் மஞ்சள் கருவிலும் வைட்டமின் டி உண்டு. முள்ளோடு தின்னும் நெத்திலியும் கேழ்வரகும் சுண்ணாம்புச் சத்தைத் தரும்.

நேயர்களே, காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், “பால்வெட்டிய கை, அப்படித்தான் இருக்கும்” என்று தைலம் தேய்த்துவிட்டு இருக்காதீர்கள். கன்னத்தில் சிவந்த தடிப்பு, காரணமில்லாத காய்ச்சல், கால் வீக்கம் என்றாலும் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். பதிவுக்கு ஒரு வெள்ளிதான். தேவைப்பட்டால் அவர்களே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். போகும்போது, கடையில் வாங்கிய சத்து மாத்திரை உட்பட வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து, ஒவ்வொரு டப்பாவிலும் உள்ள பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பள்ளியில் நாங்கள் கற்றுத் தரும் எழுத்து, அந்த ஒரு தாளில் தாயின் உயிரைக் காக்கும்.