முதுமையில் தேகப்பயிற்சி

தலவாக்கலைத் தோட்டங்களிலே கொழுந்து பறித்தோர்க்குத் தேகப்பயிற்சி என்று தனியே ஒன்று வேண்டியிருந்ததில்லை. மலைச்சரிவே அவர்தம் பயிற்சிக்கூடம். ஓய்வு பெற்ற பின்னரோ லயத்து வாசலும் குளிருமே துணையாகின்றன; முழங்கால் மெல்ல மடங்க மறுக்கின்றது. “உழைத்த உடம்புதானே, இனி எதற்கு?” என்பர். உடல் வலிமை சேமலாப நிதியன்று, நேயர்களே. வைத்திருந்தால் வட்டி தராது, கரைந்துவிடும்.

கரைந்தது மீளுமா? 1990இல் வெளிவந்த பொஸ்டன் ஆய்வொன்றில், 86 முதல் 96 வயதுவரையான முதியோர் இல்லத்தவர் 10 பேர் எட்டு வாரப் பயிற்சியில் இறங்கினர். அதனை நிறைவேற்றியோரின் கால் வலிமை சராசரியாக 174 வீதம் உயர்ந்தது! நம் நாட்டிலும், முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் எழுபதைக் கடந்த பின், 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கப்பதக்கம் வென்றார்.

தொடங்குவது எளிது, தொடர்வதே அரிது. ‘ஆரோக்கியம்’ என்னும் பொதுச்சொல் விடியற்குளிரில் எவரையும் எழுப்புவதில்லை. நாள் குறித்த இலக்கு எழுப்பும். மலையகத்தார்க்கு அது அருகிலேயே உண்டு. டிசம்பர்ப் பூரணை முதல் மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணி வழியே படிகள் ஐயாயிரத்துக்கும் மேல். தை மாதத்தில் ஏற விரும்புபவர் ஆடியிலேயே வைத்தியரைக் கேட்டு, லயத்துப் படிகளில் பத்துப் பத்தாக ஏறிப் பழகலாம். உச்சியை எட்டாவிடினும் கேடில்லை. பழகிய கால் கடைத்தெருவுக்கேனும் உதவும்.

தனியே நடப்பவர் மழையைக் கண்டால் தங்கிவிடுவார். பக்கத்துக் காம்பராக்காரர் வாசலில் நின்று அழைத்தால், முணுமுணுத்துக்கொண்டே குடையை எடுப்பார்.