அவசரக்காரப் பேதுரு



நற்செய்தியில் அவசரக்காரர் யார் என்று கேட்டால் பேதுருவைத்தான் சொல்வோம். ஆண்டவர் கடல்மேல் நடந்து வரக் கண்டு படகைவிட்டு இறங்கியவர் அவர். கெத்சமனியில் வாளை உருவியவரும் அவரே. கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று கேட்டதும், படகு கரை சேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்தவரும் அவரே.

இப்படிப்பட்ட பிள்ளைகள் நம் அக்காள்மடத்திலும் இருக்கிறார்கள். "ஒரே ஒரு இழுப்புடா" என்று கூட்டாளி நீட்டினால், யோசிக்கும் முன்பே கை போய்விடுகிறது. பின்விளைவை எண்ணி நம்மை அடக்குகிற மூளைப்பகுதி ஏறத்தாழ 25 வயதில்தான் முழுமையாக முதிர்கிறது. அதற்குள் நிக்கோட்டின் புகுந்தால் பழக்கம் எளிதில் வேரூன்றிவிடும்.

இந்தியாவில் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் 2019இல் எடுத்த ஆய்வைக் கேளுங்கள். சிகரெட்டைத் தொட்டுப் பார்த்தவர்களில் 38 விழுக்காட்டினர், பத்து வயதுக்கு முன்பே தொட்டிருக்கிறார்கள். புதுநன்மை வாங்கும் வயது அது!

சுபாவம் தலைவிதியா? இல்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளைப் பல்லாண்டுகள் கவனித்தார்கள். தன்னடக்கம் குறைந்த பிள்ளைகள் 15 வயதுக்குள் புகைக்கத் தொடங்குவது அதிகமாக இருந்தது. ஆனால் வளரும்போது தன்னடக்கத்தில் தேறியவர்களின் வாழ்வும் தேறியது.

பெற்றோரே, பிள்ளையை அனுப்பி பீடி, சிகரெட் வாங்கி வரச் சொல்லாதீர்கள். கடைக்காரச் சகோதரர்களே, 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சிறாருக்கு அதைக் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுவரை சிறை என்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டம். புகைப்பதை விட நினைக்கும் தகப்பன்மார் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

பிள்ளை பிடிபட்டால் பெல்ட்டை எடுக்காதீர்கள். மறுதலித்த பேதுருவை ஆண்டவர் திட்டவில்லை. கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, முதலில் சாப்பிடச் சொன்னார். பிறகுதான் பேசினார். அன்பு உண்டா என்று மும்முறை கேட்டார். பெரிய பொறுப்பையும் கொடுத்தார். அதே அவசரக்காரர்தான் திருச்சபையின் பாறையானார்.

இன்று இரவு உங்கள் மகனோடு அமர்ந்து சாப்பிடுங்கள். "யார் கொடுத்தாலும் ஒரு நிமிஷம் நில்லு, வீட்டை நினைச்சுக்கோ" என்று சொல்லிக்கொடுங்கள். நம்பி ஒரு பொறுப்பையும் கொடுங்கள்.

நம் பிள்ளைகளை ஆண்டவர் காப்பாராக. ஆமென்.