மூலையில் கிடக்கும் மோட்டார் சைக்கிள்

நம் லயத்து வீடுகளின் பின்புறத்தைச் சற்று எட்டிப் பாருங்கள். விறகுக் கட்டுக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே, சாக்குப் போர்த்திய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடக்கும். பெரும்பாலும் அது ஹோண்டா கப் வண்டியாக இருக்கும். 1958-ஆம் ஆண்டில் ஜப்பானில் பிறந்த இந்த வகை வண்டிகளின் உற்பத்தி 2017-ஆம் ஆண்டில் பத்துக் கோடியை எட்டியது. அப்படிப்பட்ட உழைப்பாளி ஏன் மூலையில் முடங்குகிறது? "இஞ்சின் செத்துப் போச்சு" என்கிறோம். பல சமயங்களில் இஞ்சின் சாகவில்லை. அதற்கு உணவூட்டும் கார்புரேட்டர்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றித் துப்புரவு செய்யும் முறையைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆறாம் ஆண்டு முடித்த ஒரு மாணவி பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். பஸ் நிற்கும் பெரிய சாலை ஆறு கிலோமீட்டர் தூரம். மாலையில் தோட்டத்து லாரியில் திரும்பிவிடலாம். இருட்டோடு புறப்படும் காலையில்தான் வழியில்லை. தந்தைக்கு ஆலையில் பிற்பகல் வேலை. அவருடைய ஹோண்டா கப் இரண்டு ஆண்டுகளாகக் கொல்லையில் கிடந்தது. பட்டறையில் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். "வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன், சார். பிள்ளையும் வீட்டோடு இருக்கட்டும்" என்றார். "அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள். நானும் வருகிறேன்" என்றேன்.

கார்புரேட்டர் செய்யும் வேலை என்ன? பெட்ரோலையும் காற்றையும் அளவறிந்து கலந்து இஞ்சினுக்கு அனுப்புவதுதான். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலை அளந்து விடுபவை ஜெட் எனப்படும் சிறு பித்தளைத் துண்டுகள். அவற்றின் துளை ஊசிமுனை அளவுதான். மங்கில் விட்ட பால் மறுநாள் கட்டிப்பாலாக உறைந்துவிடுகிறதல்லவா? அதுபோலவே, மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் வற்றி, பிசினாகப் படிந்து, அந்தத் துளைகளை மூடிவிடுகிறது. சோக்கை இழுத்தால் இஞ்சின் ஓடி, சோக்கைத் தள்ளியதும் நின்றுவிட்டால், இந்த அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கருவியைத் தொடுமுன் தாய்மார்களும் இதைக் கேளுங்கள். இந்த வேலையை வீட்டுக்குள் செய்யக்கூடாது. அடுப்பு, சாமி விளக்கு, சுருட்டு எதுவும் அருகில் இருக்கக்கூடாது. பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய், தூரத்து நெருப்பையும் எட்டிப் பிடிக்கும். ரப்பர்க் குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சவும் வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வடித்த பெட்ரோலைச் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது.

இனி வேலைக்கு வருவோம். இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கால் பக்கத்துப் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றி, சேற்றைத் துடைத்துவிடுங்கள். பழைய கப் வண்டிகள் பலவற்றில் பெட்ரோலை மூடும் திறப்பான் கார்புரேட்டரிலேயே இருக்கிறது. குழாயைப் பிடுங்கினால் டாங்கியிலுள்ள பெட்ரோல் முழுவதும் கொட்டிவிடும். ஆகவே, முதலில் டாங்கியை ஒரு தகர டின்னில் வடித்துவிடுங்கள். பிறகு காற்று வடிகட்டியின் குழாயையும், கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளையும் கழற்றுங்கள். மேல் மூடியைத் திறந்தால் முறுக்குக் கம்பியோடு ஒரு சிறு உருளையும் நீண்ட ஊசியும் வெளியே வரும். உருளையின் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது, ஊசியின் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்துப் படம் வரையச் சொல்லலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அந்த மாணவியே வரைந்தாள். கழற்றிய பொருள்களைத் தட்டில் வரிசையாக அடுக்கியவளும் அவளே.

அடிக்கிண்ணத்தைத் திறந்தபோது பச்சை படிந்த பிசின் இருந்தது. உள்ளேயுள்ள மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சலசலத்தால் அது ஓட்டை; மாற்ற வேண்டும். காற்றுத் திருகைக் கழற்றுமுன், அதை மெதுவாக உள்ளே முடுக்கி, எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே கணக்கு வேண்டும். ரப்பர் வளையங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, உலோகப் பகுதிகளை மட்டும் கார்புரேட்டர் துப்புரவுத் திரவத்தில் ஊறவிடுங்கள். பிறகு சைக்கிள் பம்பால் ஒவ்வொரு துளையிலும் காற்றடியுங்கள். திரவம் கண்ணில் தெறிக்கும். கண்ணாடி அணிவது நல்லது.

இங்கே என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில், அவசரப்பட்டு ஒரு ஜெட்டைத் தையல் ஊசியால் குத்தினேன். பித்தளை மெதுவானது, துளை பெரிதாகிவிட்டது. அதன்பின் வண்டி கரும்புகை கக்கியது, பெட்ரோலையும் குடித்துத் தீர்த்தது. கடைசியில் புது ஜெட் வாங்கியபிறகே சரியானது. ஆகவே ஊசி வேண்டாம், கம்பி வேண்டாம். மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு போதும். ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்தால் வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். அன்று பெரிய ஜெட்டில் தெரிந்தது; சிறிய ஜெட்டில் தெரியவில்லை. இரண்டு முறை ஊறவைத்தும் திறக்கவில்லை. தந்தை மனம் சோர்ந்துபோனார். மூன்றாம் முறை அந்தப் பெண் ஜெட்டைத் தூக்கிப் பார்த்து, "அப்பா, வெளிச்சம் வருது!" என்று கத்தினாள்.

படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினோம். புதுப் பெட்ரோல் ஊற்றி, உடனே உதைக்காமல், கால் மணி நேரம் கசிவு இருக்கிறதா என்று பார்த்தோம். கசிவில்லை. ஏழாவது உதையில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. சற்று இருமியது, பிறகு சீராக ஓடியது.

இஞ்சின் ஓடினால் மட்டும் போதாது. நெடுநாள் கிடந்த வண்டியின் பிரேக், டயர், சங்கிலி, விளக்கு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பிக்க வேண்டும். பின்னால் அமரும் பிள்ளைக்கும் தலைக்கவசம் வேண்டும். அவர் இவையெல்லாம் முடிக்க மூன்று வாரங்கள் ஆயின. அதுவரை அண்டை வீட்டுக்காரர் ஒருவர் அந்தப் பெண்ணைச் சாலையில் கொண்டுபோய் விட்டார்.

வண்டியைச் சில வாரங்கள் நிறுத்தி வைப்பதாக இருந்தால், பெட்ரோலை அடைத்துவிட்டு, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் காலியானால் பிசின் படியாது. புதிய வண்டிகள் பலவற்றில் கார்புரேட்டரே இல்லை. அவற்றை இந்த முறையில் பிரிக்க முயல வேண்டாம்.

இப்போதும் விடியுமுன் அந்த ஹோண்டா கப் என் வீட்டைக் கடந்து போகிறது. பின்னால் புத்தகப் பையோடு ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். உங்கள் கொல்லையிலும் ஒரு வண்டி சாக்குப் போர்த்திக் கிடந்தால், இரும்புக்குப் போடுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்காக ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.