காதுக்குக் கிடைத்த அமானிதம்

 

  

சில வாரங்களுக்கு முன் நல்லூரைச் சேர்ந்த ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகன் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர். சட்டைப் பையில் தீப்பெட்டி அளவில் ஓர் எம்.பி.3 பிளேயர். கழுத்தில் இயர்போன் தொங்கிக்கொண்டிருந்தது. “ஹஜ்ரத், அடுப்படியில் வழுக்கி விழுந்துவிட்டேன். இவன் அடுத்த அறையில்தான் இருந்தான். நான்கு தடவை கூப்பிட்டேன். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தூக்கினார்கள்” என்றார் அந்தத் தாய். மகன் தலையைக் குனிந்துகொண்டு, “நான் பாட்டுக் கேட்கவில்லை ஹஜ்ரத். குர்ஆன்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. வாங்கிப் பார்த்தேன். 114 சூராக்களும் சில பயான்களும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. சினிமாப் பாட்டு இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். இரண்டு நாள் யோசித்த பிறகே அவருக்குப் பதில் சொன்னேன். அதையே இங்கு உங்களிடமும் சொல்கின்றேன்.

முதலில் அந்தக் கருவிக்கு நியாயம் செய்வோம். எகிப்து அறிஞர் லபீப் அஸ்ஸயீத் அவர்களின் முயற்சியால், காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ (ரஹ்) அவர்களின் குரலில் திருக்குர்ஆன் முழுவதும் முதன்முதலாக ஒலிப்பதிவாகி 1961இல் வெளிவந்தது. அதற்கு முன் ஒரு சிறந்த காரீயிடம் ஓதக் கேட்க விரும்பியவர் அவர் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும், அல்லது வானொலி ஒலிபரப்பும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு கேசட் வந்தது. சவூதியிலிருந்து வருபவர்கள் ஜுஸ்வுக்கு ஒன்றாக 30 கேசட்டுகள் அடங்கிய பெட்டியைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்ததை நம்மில் பலர் பார்த்திருக்கின்றோம். நிதானமாக ஓதினால் ஒரு ஜுஸ்வுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அந்த 30 மணி நேர ஓதுதலும் இன்று நகத்தளவு உள்ள 1 ஜிபி அட்டையில் அடங்கிவிடுகின்றது. 1979இல் வாக்மன் வந்தது, 2001இல் ஐபாட் வந்தது, 2022இல் அதன் தயாரிப்பும் நின்றது. இப்போது எல்லாமே கைபேசிக்குள் போய்விட்டன. ஆனாலும் அந்தச் சின்னப் பிளேயரைக் கைபேசியைவிட மேலானது என்றே நான் கருதுகின்றேன். நீங்கள் எதை அதில் ஏற்றினீர்களோ அதை மட்டுமே அது ஒலிக்கும். யாஸீன் கேட்க எடுத்த கையை அது வேறு எங்கும் இழுத்துக்கொண்டு போவதில்லை.

செவியால் கேட்பது சாதாரண அமல் அன்று. நபி (ஸல்) அவர்கள் தம் தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் தமக்குக் குர்ஆனை ஓதிக் காட்டுமாறு வேண்டினார்கள். தங்களுக்கு அருளப்பட்டதைத் தங்களுக்கே நான் ஓதுவதா என்று அவர் தயங்கியபோது, பிறர் ஓதக் கேட்பது தமக்கு விருப்பமானது என்றார்கள். அவர் அந்நிஸா அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தை அடைந்தபோது போதும் என்றார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கையில் பெருமானாரின் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. புகாரியில் உள்ள செய்தி இது.

ஆகவே வேலைக்குப் பேருந்தில் போகும் அரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரே ஒரு சூராவை எடுத்து, ஒரு வாரம் அதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். அல்ஹுஸரீ அவர்கள் பாடம் சொல்லும் முறையில் நிறுத்தி ஓதிய ‘முஅல்லிம்’ பதிவு இதற்கு ஏற்றது. அதோடு, இந்தப் பிளேயர்கள் பலவற்றில் குரலைப் பதிவு செய்யும் பொத்தான் ஒன்று உண்டு. நம்மவர்கள் அதைத் தொடுவதே இல்லை. நீங்கள் ஓதுவதைப் பதிந்து, பிறகு நீங்களே கேட்டுப் பாருங்கள். தமிழ் நாவுக்கு ‘காஃப்’ எழுத்துகள் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். பெரிய காஃபைக் கொண்டு சொன்னால் ‘கல்ப்’ என்பது இதயம். சின்னக் காஃபைக் கொண்டு சொன்னால் அதே சொல் நாய் என்றாகிவிடும்! இது பதிவில் கேட்கும்போதுதான் நமக்கே உறைக்கும். இருப்பினும் கருவி ஒலிக்கும், உங்களைத் திருத்தாது. திருத்துவதற்கு உஸ்தாதிடம்தான் போக வேண்டும். மக்தபுக்குப் பிள்ளையை அனுப்பாமல் பிளேயர் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு தகப்பனார் பெருமையாகச் சொன்னார். அவருக்கும் சேர்த்தே இதைச் சொல்கின்றேன்.

குர்ஆன் ஓதப்படும்போது செவிசாய்த்து மௌனமாக இருக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகின்றான் (7:204). கடையில் ஓடவிட்டுவிட்டு வாடிக்கையாளரிடம் விலை பேசுவது அந்தக் கட்டளைக்கு அழகன்று. கவனிக்க முடியாத நேரத்தில் நிறுத்திவிடுங்கள்.

இனி செவியைப் பற்றி. பீங்கான் பட்டறைகளில் கல்லும் மண்ணும் அரைபடும் உருளை எந்திரத்தின் இரைச்சலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். அந்த இரைச்சலை வெல்ல அந்த இளைஞர் பிளேயரின் ஒலியை முழு அளவுக்கு ஏற்றி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் குறைக்கவில்லை. தாயின் குரல் எப்படிக் கேட்கும்? இயர்போன் ஒலியால் செவி பழுதாகும் ஆபத்தில் உலகில் 110 கோடி இளைஞர்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2015இல் எச்சரித்தது. 80 டெசிபெல் அளவு ஒலியை வாரத்தில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அந்த நிறுவனத்தின் வரையறை. ஒலி 3 டெசிபெல் ஏறும்போதெல்லாம் கேட்கத் தகுந்த நேரம் பாதியாகக் குறையும். அப்படியானால் 90 டெசிபெலுக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். 100 டெசிபெலுக்கு அரை மணி நேரம்கூட இல்லை. உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கேட்பது குர்ஆனா, கச்சேரியா என்று பார்த்து அந்த அணுக்கள் பிழைப்பதில்லை சகோதரர்களே! செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் விசாரணை உண்டு என்கிறது திருக்குர்ஆன் (17:36). இரைச்சல் உள்ள இடத்தில் பிளேயரைப் பையிலேயே விட்டுவிடுங்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அப்படியே.

அந்த இளைஞருக்கு ஜுரைஜின் வரலாற்றைச் சொன்னேன். பனூ இஸ்ராயீல்களில் அவர் பெரும் வணக்கசாலி. தொழுதுகொண்டிருந்தபோது தாய் வந்து அழைத்தார். என் தாயா, என் தொழுகையா என்று மனத்துக்குள் தடுமாறி, தொழுகையையே தொடர்ந்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதுவே நடந்தது. மனம் நொந்த தாய் அவருக்கு எதிராகப் பிரார்த்தித்தார், அது பலித்தது. விபசாரப் பழி சுமத்தப்பட்டு, அவருடைய வழிபாட்டுக் கூடம் இடிக்கப்பட்டு, ஊர் நடுவே அவமானப்பட்டார். அல்லாஹ் ஒரு பச்சிளங் குழந்தையைப் பேச வைத்து அவரைக் காப்பாற்றினான். அது நஃபிலான தொழுகையாதலால் தாய்க்குப் பதிலளிப்பதே அவருக்குச் சரியானதாக இருந்திருக்கும் என்று ஸஹீஹ் முஸ்லிமின் விளக்கவுரையில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதுகின்றார்கள். தொழுகையில் நின்றவருக்கே இந்த நிலை என்றால், கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவருக்கு?

“வீட்டில் இயர்போன் மாட்டாதே. சின்ன ஒலிபெருக்கி வாங்கி மெதுவாகப் போடு, அம்மாவும் கேட்கட்டும்” என்றேன். தாய்க்கு அதில் மகிழ்ச்சி. பிறகு இன்னொன்றும் சொன்னேன். “அதிலுள்ள பதிவுப் பொத்தானை அழுத்தி உன் அம்மாவைப் பேசச் சொல்.” ஏன் என்று அவர் கேட்டார்.

என் தகப்பனார் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் தொலைபேசி எட்டாக்கனி. கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார். வீட்டார் அனைவரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். அறியாத வயதில் அவற்றின் மேல் நானே பேச்சுப் போட்டியைப் பதிந்தேன், ஊர் விழாவைப் பதிந்தேன். அவர் வஃபாத்தான பிறகு தேடியபோது ஒரே ஒரு கேசட் மிஞ்சியிருந்தது. நாடாவும் சுருங்கிப்போயிருந்தது. அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார்கள். 11 நிமிடங்கள் தேறின. என் தாயாரின் பிளேயரில் யாஸீனுக்கு அடுத்ததாக அது இருக்கின்றது. அதில் அத்தா அரிசி விலையை விசாரிக்கின்றார், பிள்ளைகள் ஓதுகின்றார்களா என்று கேட்கின்றார், பிறகு ஒரு பெருமூச்சு. அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.