கண்ணுக்குத் தெரிவதும் கருத்துக்குப் புலனாவதும்
(கும்பாபிஷேக விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



குடமுழுக்குக் காணக் கூடியிருக்கும் இந்நன்னாளில், நாம் இளமையிலே கேட்ட ஒரு கதையை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். குழந்தைக்குக் காவலிருந்த கீரிப்பிள்ளை, தொட்டிலை நாடி வந்த பாம்பைக் கொன்றது. வாயெல்லாம் குருதியுடன் தாயை எதிர்கொண்டு ஓடிற்று. அவள் கண்டது குருதி. கருதியது குழந்தையின் மரணம். கீரியைக் கொன்றுவிட்டு உள்ளே சென்றாள். குழந்தை நலமாக உறங்கிற்று. ஆராயாது செய்வதன் கேட்டை உரைக்கும் பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் இக்கதை உள்ளது.

இளங்கோவடிகளும் இதனை எடுத்தாண்டார். கீரியைக் கொன்ற பழிக்காகக் கணவனால் கைவிடப்பட்ட பார்ப்பனிக்குக் கோவலன் பொருளுதவி, அவள் பாவம் நீங்கத் தானம் செய்து, கணவனையும் மீட்டுக் கொடுத்தான் என்று அடைக்கலக் காதையிலே மாடலன் கூறுகின்றான். இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஆராயாமற் செய்த கொலைக்குக் கழுவாய் தேடித் தந்த அதே கோவலன், பின்னர் பாண்டியன் ஆராயாமல் இட்ட ஆணையால் வெட்டுண்டான். மன்னன் சிலம்பைக் காணவும் இல்லை. கேட்டது பொற்கொல்லன் சொல். சிலம்பினுள் இருந்த மாணிக்கப் பரல் வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது.

நம் கொங்கு நாட்டுத் தலங்கள் இரண்டும் இதே பாடத்தைப் புகட்டுகின்றன. திருப்பூருக்கும் அவிநாசிக்கும் இடையே உள்ளது திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் அளித்த பெருநிதியுடன் வந்த சுந்தரரை அங்கே வேடர் வழிமறித்துப் பறித்தனர். இத்தகைய கொள்ளையர் திரியும் இடத்தில் நீர் எதற்காக உறைகின்றீர் என்று அவர் இறைவனையே வினவிப் பாடினார். வந்த வேடரோ அவ்விறைவன் ஏவிய பூதகணங்கள்! பறித்த பொருளெல்லாம் மீண்டும் அவரிடமே வந்து சேர்ந்தது.

அவிநாசியிலே ஒரு வீட்டில் உபநயன மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகுரல். ஒத்த வயதுச் சிறுவர் இருவருள் ஒருவனை முன்னர் முதலை விழுங்கியிருந்தது. சுந்தரர் வந்தார் என்றதும் பெற்றோர் துயரத்தை மறைத்து, மலர்ந்த முகத்துடன் வந்து வணங்கினர். அம்முகமலர்ச்சியோடு அவர் அமையவில்லை. ‘மைந்தனை இழந்தவர் நீங்களோ?’ என்று கேட்டார். அதன் பின்னரே பதிகமும், முதலை மீட்டுத் தந்த பாலனும். அற்புதம் பதிகத்தால் நிகழ்ந்தது. ஆயினும் அதற்கு வாயில் திறந்தது அக்கேள்வியே என்பேன்.

இவை பழங்கதைகள்தானே என்று எண்ண வேண்டா. 2023 மார்ச்சில், வடபுலத்துத் தொழிலாளரைத் தமிழகத்தில் அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. எங்கோ நடந்தவற்றையும், தொடர்பற்ற சண்டைகளையும் இங்கு நடந்தனவாகக் காட்டினர். பனியன் தொழிலுக்காக வந்து நம்மிடையே வாழ்வோர் நெஞ்சில் அச்சம் புகுந்தது. பீகார் அரசு அனுப்பிய குழுவினர் திருப்பூருக்கும் வந்து, தொழிலாளரை நேரில் கண்டு விசாரித்தனர். செய்தி பொய்யென்பது தெளிந்தது. ஆராய்ந்ததனாலே தப்பினோம், எவரேனும் ஒருவர் ஆத்திரத்தில் கை ஓங்கியிருப்பின் என்னவாகியிருக்கும்?

அன்பர்களே! மொழி அறியாத அயலானைக் கண்டு கள்வன் என்று நாம் எண்ணுவதும், நம்மைக் கண்டு கொடியோர் என்று அவன் எண்ணுவதும், கீரியின் வாய்க் குருதியைக் கண்ட கதையே. தையற்பொறியின் முன் சிரித்த முகத்தோடு அமர்ந்திருப்பவனுக்கும் ஊரிலே ஒரு துயரம் இருக்கலாம். ‘உமக்கு என்ன குறை?’ என்று கேட்போமாக. இன்று கலசத்தில் வார்க்கும் நீர், நம் கண்ணின் மாசையும் கழுவுவதாகுக!