காலிப்பரும் வாடகை வீடும்

(ஓசூரில் இளங்கலை மாணவர்களின் வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மானிடவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று உள்ளே வரும்போதே ஒரு தம்பி கேட்டார். கூடப் படித்தவர்கள் ஐடிஐ முடித்து சிப்காட்டுக்குள் போய்விட, நான் மட்டும் தினமும் பஸ் ஏறி அத்திப்பள்ளியைத் தாண்டிக் கல்லூரிக்குப் போனேன். "மனுசங்களப் பத்திப் படிக்க காலேஜ் எதுக்குடா?" என்றார் அம்மா.

முதலாண்டில் உடல்சார் மானிடவியல் செய்முறை வகுப்பு. காலிப்பரால் மூக்கின் நீள அகலத்தை அளக்க வேண்டும். அளந்து காட்ட ஆசிரியர் என்னை முன்னால் அழைத்தார். முந்தின வாரம்தான் உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் சத்தமாக வாசித்திருந்தார்கள். ஏன் என்னை என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இப்படி அளந்து திரிந்தவர். ரங்காச்சாரியின் துணையோடு அவர் எழுதிய, தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. 1901 கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லியோ, மூக்கு அகலமாக ஆக சாதி கீழே போகும் என்று விதியே வகுத்தார்!

அதெல்லாம் பாடத்தில் இருந்தது. பாடத்தில் இல்லாதது 1916 மே 9. அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் சாதி பற்றிக் கட்டுரை வாசித்தார். ரிஸ்லி உள்ளிட்டோரின் வரையறைகளை எடுத்துப் பரிசீலித்துவிட்டு, சாதியின் தனித்த இயல்பு அகமணமுறைதான் என்றார். உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் அதைக் காக்கவே என்றார். 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அதே மூக்களவுக் கணக்கைக் கையில் எடுத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்று காட்டினார். நம் துறையின் முன்னோடி அவர். அந்தக் கட்டுரையை நான் முதுகலைக்குப் போன பிறகுதான், ஒரு பழைய புத்தகக் கடையில் கண்டெடுத்தேன்.

களப்பணி என்றால் வேனில் ஏறி அஞ்செட்டிப் பக்கம் இருளர் குடியிருப்புக்குப் போவது என்றிருந்தது. ஓசூர் வாடகை வீடுகளை ஆய்கிறேன் என்றேன். அது மானிடவியல் ஆகாது என்றார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் டூலெட் பலகை பார்த்துப் படியேறினேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் என எந்த மொழியில் பேசினாலும் ஒருவர்கூட சாதியைக் கேட்கவில்லை. "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, வெளியவா? கறி சமைப்பீங்களா?" அப்பா பேர் கேட்டவரும் உண்டு. மூன்றாவது கேள்வியில் வீடு "நேத்தே பேசி முடிஞ்சிருச்சு".

இதையெல்லாம் சின்ன விஷயம் என்பவர்களுக்கு: 2018 நவம்பரில், சாதி மறுத்து மணந்து ஓசூரில் வாழ்ந்த இளம் இணையரைக் கொன்று, எல்லைக்கு அப்பால் காவிரியில் வீசினார்கள். அம்பேத்கர் சொன்ன அகமணமுறை இங்கே இப்படித்தான் காக்கப்படுகிறது. வீட்டுக்காரர் கேட்கும் மூன்று கேள்விகளும் அதே வேலியின் கம்பிகள்தான்.

இப்போது என் முனைவர் பட்ட ஆய்வே அந்த வாடகை வீடுகள்தான். போன மாதம் ஒரு பகுதியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பாகலூர் ரோட்டு வீட்டம்மா இதுல இல்லையே" என்றார். எனக்கு நினைவில்லை. "நீ அப்ப கைக்குழந்த. அவங்க என்ன கேட்டாங்கன்னு சொல்றேன், எழுதிக்கோ."

நோட்டை எடுத்தேன்.